எடைக்குறைப்பு ஆபரேஷன்: வலி எவ்வளவு இருக்கும், ‘நரம்பு பிளாக்’ எவ்வளவு கைகொடுக்கும்?

“டாக்டர், ஆபரேஷன்லாம் சரி... வலிக்குமா?”

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி விசாரிக்க வருபவர்கள் கையில் ஒரு பெரிய பட்டியலே இருக்கும். எத்தனை கிலோ குறையும்? செலவு எவ்வளவு? ஆபீஸில் எத்தனை நாள் லீவு சொல்லணும்? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? இதையெல்லாம் கேட்டு முடித்து எழுந்த பிறகு, கூச்சத்தோடு வருவது இந்தக் கேள்வி. பதிலும் பல நேரம் ஒரே வரியில் முடிந்துவிடும்: “இப்போ பிளாக் போடறோம்மா, வலியே தெரியாது.”

அது என்ன பிளாக்? உண்மையிலேயே வலி தெரியாதா? எவ்வளவு நேரத்துக்கு? அது தீர்ந்த பிறகு என்ன ஆகும்?

இந்தக் கடைசிக் கேள்வி, பெருநகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். இரும்பையை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இங்கேதான் உள்ளது. வடக்கே கழுவெளி ஏரி, அதைத் தாண்டினால் மரக்காணம் உப்பளங்கள். இந்தப் பகுதி மக்களுக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர், காலாப்பட்டு பக்கம் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லையென்றால் ஈசிஆரைப் பிடித்துச் சென்னை. ஆபரேஷன் நடப்பது நகரத்தில். மருந்தின் வேகம் தீர்ந்து வலி தலைகாட்டும்போது படுத்திருப்பது ஊரில். இந்த இடைவெளியில்தான் தவறுகள் நடக்கின்றன.

ஏன் இப்போது இவ்வளவு பேச்சு?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய சுற்றில் பெண்களில் இது 30.9 சதவீதமாக இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் கிட்டத்தட்ட பத்துப் புள்ளி ஏறியிருக்கிறது. புதுச்சேரியில் நிலைமை இன்னும் மேலே: பெண்களில் சுமார் 46 சதவீதம்.

இவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவை என்று அர்த்தமில்லை. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. எண்தான் முதல் அளவுகோல். 1991-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பழைய விதிப்படி பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது சர்க்கரை நோய் போன்ற துணை நோய்கள் இருந்தால் 35-க்கு மேல் இருக்க வேண்டும். ஆசியர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வந்துவிடுவதால், 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அந்த எல்லையை 27.5 வரை இறக்கிவிட்டது. ஆபரேஷனைப் பற்றி யோசிக்கும் முப்பது வயதுக்காரர்கள் இன்று அதிகம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயமும் கூடவே வளர்ந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஓர் இளைஞர், சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்து, உடல்நிலை மோசமாகி உயிரிழந்தார். தமிழக சுகாதாரத் துறை விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அதன் பிறகு இந்தக் கரையோரத்தில் “எடை குறைக்க ஆபரேஷன்” என்று யார் வாயெடுத்தாலும் வீட்டில் முதலில் வருவது அந்தப் பேச்சுதான். எனவே வலியைப் பற்றிப் பேசும்போது பாதுகாப்பைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

வலி எங்கிருந்து வருகிறது?

இன்று செய்யப்படும் எடைக்குறைப்பு ஆபரேஷன்களில் இரண்டு வகை அதிகம். ஒன்று ஸ்லீவ்: இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுத்து, மீதியை வாழைப்பழ வடிவக் குழாய்போல ஆக்கிவிடுவது. இன்னொன்று பைபாஸ்: இரைப்பையைச் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப் பகுதியோடு நேரடியாக இணைப்பது. இரண்டுமே பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில்தான். மேல் வயிற்றில் ஐந்து, ஆறு சிறு துளைகள் போட்டு, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, கேமரா உதவியோடு செய்வார்கள்.

வெளியே பார்த்தால் ஐந்தாறு சின்னத் தையல்தான். ஆனால் உள்ளே மூன்று விதமான வலிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஊற்று வேறு, மருந்தும் வேறு.

முதலாவது, வயிற்றுச் சுவர் வலி. தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றைத் துளைத்ததால் வருவது. “இங்கேதான் வலிக்குது” என்று விரல் வைத்துக் காட்ட முடியும். இருமினால், புரண்டு படுத்தால், எழுந்து உட்கார்ந்தால் சுருக்கென்று இருக்கும்.

இரண்டாவது, உள்ளுறுப்பு வலி. வெட்டித் தைக்கப்பட்ட இரைப்பை இறுகிப் பிசைவதால் வருவது. இடம் காட்ட முடியாது. நடு மார்புக்குக் கீழே ஒரு அழுத்தம், குமட்டல், எச்சில் ஊறுவது, வாந்தி வருவதுபோல் ஒரு புரட்டல். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு முதல் நாள் அதிகம் தொல்லை கொடுப்பது பல நேரம் இதுதான்.

மூன்றாவது, தோள்பட்டை வலி. “வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு தோள்ல ஏன் வலிக்குது?” என்று கேட்காதவர்கள் குறைவு. வயிற்றில் நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும், தோள்பட்டையின் உணர்வை எடுத்துச் செல்லும் நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் சேர்கின்றன. மூளை இடம் மாறிப் புரிந்துகொள்கிறது. பொதுவாக ஓரிரு நாட்களில், நடக்க நடக்க இது குறைந்துவிடும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால், நரம்பு பிளாக் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது எளிதாகப் புரியும்.

பலமான வலி மருந்தைக் கொடுத்துவிட்டால் போதாதா?

மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் போன்றவை ஓபியாய்டு வகை மருந்துகள். வலியை அடக்குவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு: மூச்சு விடும் வேகத்தைக் குறைக்கும், தூக்கத்தை ஆழமாக்கும்.

அதிக எடை உள்ளவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் பிரச்சினை இருக்கும். இதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். சத்தமாகக் குறட்டை, நடுவில் சில நொடிகள் மூச்சே நின்று, பிறகு திணறலோடு திரும்ப வருவது, காலையில் எழுந்தாலும் தூக்கம் தீராத களைப்பு. எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது. பலருக்கு இருப்பதே தெரியாது. “எங்க வீட்ல எல்லாருமே குறட்டைதான்” என்று சிரித்துக் கடந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்த இரவில் ஓபியாய்டு மருந்தை அதிகமாகக் கொடுத்தால், தூக்கத்தில் மூச்சு அடைபடும்போது உடல் விழித்துக்கொள்ளும் அந்த இயல்பான எச்சரிக்கையும் மழுங்கிவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். கவனிக்க ஆள் இல்லாவிட்டால் ஆபத்து.

அது போக, ஓபியாய்டு குமட்டலைக் கூட்டும். புதிதாகத் தைத்த இரைப்பையோடு வாந்தி எடுப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லவே வேண்டாம். மலச்சிக்கல் வரும். மந்தமாகப் படுத்தே இருந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். இத்தனை காரணங்களால்தான், ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் தேறுவதற்கான ‘ஈராஸ்’ எனப்படும் சர்வதேச வழிமுறைகள் ஒரே விஷயத்தை வலியுறுத்துகின்றன: ஒரே ஒரு பலமான மருந்தை நம்பாதீர்கள், வெவ்வேறு வழியில் வேலை செய்யும் பல மருந்துகளைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுங்கள், ஓபியாய்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டணியில் ஓர் உறுப்பினர்தான் நரம்பு பிளாக்.

பிளாக் என்றால் என்ன?

பல் பிடுங்கும்போது ஈறில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்கிறார்களே, அதே தத்துவம்தான். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற மருத்துவர் கண்ணில் கோகெயின் சொட்டு விட்டு, வலி இல்லாமல் ஆபரேஷன் செய்ய முடியும் என்று காட்டினார். அங்கிருந்து தொடங்கியது இந்தக் கதை. இன்று பயன்படுத்துவது புபிவகெயின், ரோபிவகெயின் போன்ற பாதுகாப்பான மருந்துகள். இவை நரம்பில் சோடியம் அயனிகள் நுழையும் வாசலை அடைத்துவிடும். வாசல் அடைபட்டால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது. மருந்து கரைந்ததும் வாசல் திறந்துகொள்ளும்.

வயிற்றுச் சுவரின் பக்கவாட்டில் மூன்று தசை அடுக்குகள் உள்ளன. இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவது அடுக்குக்கும் நடுவே, வயிற்றுச் சுவருக்கு உணர்வு தரும் நரம்புகள் ஓடுகின்றன. புத்தகத்தின் இரண்டு பக்கங்களுக்கு இடையே நூல் வைத்ததுபோல. அந்த இடைவெளியில் மருந்தைச் செலுத்தினால் அது பரவி, ஒரே நேரத்தில் பல நரம்புகளை மரக்கச் செய்யும். இதற்குப் பெயர் டேப் பிளாக். 2001-ல் ரஃபி என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார். அப்போது விரலால் தடவி, இடத்தைக் கணித்து ஊசி போட்டார்கள். 2007 வாக்கில் அல்ட்ராசவுண்ட் திரையில் அடுக்குகளைப் பார்த்தே போடும் முறை வந்தது. எடைக்குறைப்பு ஆபரேஷனில் துளைகள் மேல் வயிற்றில் இருப்பதால், விலா எலும்புக்குச் சற்றுக் கீழே போடும் வகை இங்கே பொருத்தமானது.

இன்னொரு வகை முதுகுப் பக்கம் போடுவது. முதுகெலும்பை ஒட்டிய தசைக்கு அடியில் மருந்து வைக்கும் எரெக்டர் ஸ்பைனே பிளாக், 2016-ல் விவரிக்கப்பட்டது. மூன்றாவது, இருப்பதிலேயே எளிய வழி: சர்ஜனே ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மரப்பு மருந்தை ஊசியால் போட்டுவிடுவது.

எப்படிப் போடுகிறார்கள்?

பெரும்பாலும் நோயாளி முழு மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுவிடுவார்கள். அதனால் “அந்த ஊசியே வலிக்குமா?” என்ற கவலை தேவையில்லை. மயக்கவியல் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கருவியை வயிற்றின் மேல் வைத்து அடுக்குகளைப் பார்ப்பார். நீளமான ஊசியைத் திரையில் பார்த்தபடியே கொண்டுபோய், ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மி.லி. மருந்தைச் செலுத்துவார். மருந்து இறங்கும்போது அடுக்குகள் இரண்டும் பிரிவது திரையில் தெரியும். பிறகு மறு பக்கம். சில இடங்களில் சர்ஜனே உள்ளிருந்து கேமராவில் பார்த்தபடி இதைச் செய்வதும் உண்டு.

அதிக எடை உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் சவாலான வேலை. தோலுக்குக் கீழே கொழுப்பு தடிமனாக இருப்பதால் படம் மங்கலாகத் தெரியும். ஊசி ஆழமாகப் போக வேண்டும். ஆபரேட் செய்பவரின் அனுபவம் இங்கேதான் பேசும்.

முதுகுத் தண்டுப் பக்கம் குழாய் வைக்கும் எபிடூரல் முறை ஏன் இல்லை என்று சிலர் கேட்கலாம். பருமனான முதுகில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். மேலும் இரத்தம் உறையாமல் இருக்க இந்த நோயாளிகளுக்கு ஹெப்பாரின் வகை ஊசி போட வேண்டியிருக்கும். அப்போது தண்டுவடம் அருகே இரத்தம் கசிந்தால் பெரிய சிக்கல். துளை வழி ஆபரேஷனுக்கு அவ்வளவு ரிஸ்க் தேவையில்லை.

உண்மையில் எவ்வளவு பலன்?

டேப் பிளாக் போட்டவர்களுக்கு, எதுவுமே போடாதவர்களைவிட முதல் 24 மணி நேரத்தில் வலி குறைவாகவும், ஓபியாய்டு தேவை குறைவாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் துளைகளைச் சுற்றி சர்ஜன் நன்றாக மருந்து போட்டுவிட்டால், அதற்கும் டேப் பிளாக்குக்கும் இடையே வித்தியாசம் பெரிதாக இருப்பதில்லை. “எங்ககிட்ட ஸ்பெஷல் பிளாக் இருக்கு” என்று விளம்பரம் செய்யும் இடத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

காரணம் எளிது. டேப் பிளாக் மரக்க வைப்பது முதல் வகை வலியை மட்டும். இரைப்பை பிசையும் வலியும், தோள்பட்டை வலியும் வேறு நரம்புப் பாதைகளில் பயணிப்பவை. டேப் பிளாக் அவற்றைத் தொடாது. “பிளாக் போட்டாங்க, ஆனாலும் வலிக்குதே, வேலை செய்யலையோ?” என்று நோயாளி பதறுவது பெரும்பாலும் இதனால்தான். பிளாக் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். வலிப்பது வேறு இடம்.

உள்ளுறுப்பு வலியைக் குறைக்கவும் இப்போது வழி தேடுகிறார்கள். கொலம்பியாவைச் சேர்ந்த சர்ஜன்கள், ஸ்லீவ் ஆபரேஷனின்போதே இரைப்பையைச் சுற்றியுள்ள தன்னியக்க நரம்புகளின் அருகே மரப்பு மருந்தைச் செலுத்தும் முறையை 2022-ல் வெளியிட்டார்கள். டேப் பிளாக்கோடு இதையும் சேர்த்தபோது தொடக்க நேர வலியும் குமட்டலும் குறைந்தன. இன்னும் எல்லா இடத்திலும் வழக்கத்துக்கு வரவில்லை. அதுவரை பாராசிட்டமால், டெக்ஸாமெத்தசோன், வாந்தியைத் தடுக்கும் ஆண்டன்செட்ரான் ஆகியவற்றின் கூட்டணிதான் இந்த வலிக்கு முதல் துணை.

இதில் ஆபத்து இல்லையா?

அரிது. ஆனால் இருக்கிறது. மரப்பு மருந்து அளவு மிஞ்சினாலோ, தவறி இரத்தக் குழாய்க்குள் போனாலோ நரம்பு மண்டலத்தையும் இதயத்தையும் தாக்கும். விழித்திருப்பவருக்கு வாயைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மயக்கத்தில் இருப்பவருக்கு முதல் அறிகுறிகள் தெரியாது, நேராக மானிட்டரில்தான் தெரியும்.

பருமன் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு கணக்கு முக்கியம். புபிவகெயினுக்கு ஒரு கிலோவுக்கு 2 மி.கி. என்ற வரம்பை எடுத்துக்கொள்வோம். 120 கிலோ எடை உள்ளவருக்கு 240 மி.கி. கொடுக்கலாமா? கூடாது. கூடுதல் எடையில் பெரும்பகுதி கொழுப்பு. மருந்தின் தாக்கத்தைத் தாங்கும் இதயமும் மூளையும் எடைக்கு ஏற்பப் பெரிதாவதில்லை. கொழுப்பைக் கழித்து அவருடைய மெலிந்த உடல் எடை 65 கிலோ என்றால், வரம்பு 130 மி.கி. மட்டுமே. சர்ஜன் துளைகளில் போடும் மருந்தையும், மயக்க மருத்துவர் பிளாக்கில் போடும் மருந்தையும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. இருவரும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு முழு டோஸ் போட்டால் சிக்கல்.

ஒருவேளை விஷத்தன்மை ஏற்பட்டால் மாற்று மருந்து இருக்கிறது: 20 சதவீத லிப்பிட் எமல்ஷன். பாலைப் போன்ற வெள்ளைத் திரவம். பிளாக் போடும் எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பிளாக் தீரும்போது என்ன ஆகும்?

ஒருமுறை போடும் பிளாக் பொதுவாக அரை நாள் தாங்கும். சிலருக்கு 24 மணி நேரம் வரை. காலையில் ஆபரேஷன் என்றால், நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோ மரப்பு விலகத் தொடங்கும். அதுவரை சமர்த்தாக இருந்த வயிறு திடீரென்று சுருக்கென்று வலிக்கும். “என்னமோ ஆயிடுச்சு” என்று பயம் வருவது இயல்பு.

இதற்கு வழி, வலி வரும்வரை காத்திருக்காமல் இருப்பது. பாராசிட்டமாலை வலி இருக்கோ இல்லையோ, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுப்பார்கள். பிளாக் விலகும் நேரத்தில் அது ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும். வலியை 0 முதல் 10 வரை எண்ணில் சொல்லச் சொல்வார்கள். “பரவால்ல சிஸ்டர்” என்று பல்லைக் கடித்துக்கொள்ளாமல் எண்ணைச் சொல்லிவிடுவது நல்லது. வலி குறைந்தால்தான் ஆழமாக மூச்சு இழுக்க முடியும், ஆபரேஷன் அன்றே எழுந்து நாலு அடி நடக்க முடியும். நுரையீரலில் சளி தேங்காமலும், காலில் இரத்தம் உறையாமலும் இருக்க அந்த நாலு அடிதான் மருந்து.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு, மூன்று நாளில் டிஸ்சார்ஜ் ஆகிவிடும். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் சுமார் 35 கி.மீ.; சென்னையில் ஆபரேஷன் என்றால் இன்னும் நீண்ட கார் பயணம். இருமல் வந்தால் வயிற்றின் மேல் ஒரு சின்னத் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்வது வலியைக் குறைக்கும். நீண்ட பயணத்தில் நடுவே நிறுத்தி, இறங்கி நடக்க வேண்டும்.

வீட்டில் வலிக்கும்போது பெரும்பாலோர் செய்வது, தெருமுனை மெடிக்கலில் “ஒரு வலி மாத்திரை குடுங்க” என்று கேட்பது. கையில் வருவது டைக்ளோஃபெனாக்காகவோ இபுபுரூஃபனாகவோ இருக்கும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இது கூடவே கூடாது. இரைப்பையும் குடலும் இணைக்கப்பட்ட இடத்தில் புண் வந்து, இரத்தக் கசிவோ ஓட்டையோ ஆகலாம். அந்த எச்சரிக்கை ஒரு வாரத்துக்கு மட்டுமல்ல, ஆண்டுகள் கழித்து மூட்டு வலிக்கு மாத்திரை கேட்கும்போதும் பொருந்தும். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஸ்லீவ் செய்தவர்கள் தங்கள் சர்ஜன் சொன்னால் மட்டும், சொன்ன நாட்களுக்கு மட்டும்.

பாராசிட்டமாலிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. சாப்பாடு குறைவாக இருக்கும் நாட்களில் டாக்டர் அதையும் குறைக்கக்கூடும். நடுவில் சளி பிடித்து கோல்டு மாத்திரை போட்டால், அதற்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் வாரங்களில் பெரிய மாத்திரைகள் தொண்டை தாண்டி இறங்காது. திரவ மருந்தாகவோ பொடித்தோ தரலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது.

வேலைக்கு எப்போது? லேப்டாப் வேலை என்றால் பொதுவாக ஒன்று, இரண்டு வாரங்களில் திரும்பலாம். உப்பளத்தில் கூடை தூக்குவது, படகு இழுப்பது, ஜிம்மில் எடை தூக்குவது போன்றவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுக்க வேண்டும். “வலிக்கலையே, தூக்கினா என்ன?” என்று கேட்கக் கூடாது. வலி போவதும் தசை சேர்வதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

எந்த வலி எச்சரிக்கை மணி?

குறைந்துகொண்டே வரும் வலி சாதாரணம். குறைந்து, பிறகு கூடும் வலி சாதாரணமில்லை. இரைப்பைத் தையல் விட்டுக் கசிந்தால், முதல் அடையாளம் சில நேரம் வலியாகக்கூட இருக்காது, நாடித் துடிப்பாக இருக்கும். ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால் அது அவசரம். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, சில நாள் இல்லாமல் இருந்து புதிதாக வரும் இடது தோள்பட்டை வலி, ஒரு மிடறு தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், மார்பு வலி ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. ஆபரேஷன் செய்த மருத்துவமனையை அழைக்க வேண்டும். தூரம் அதிகமென்றால் 108-ஐ அழைத்து, அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கே போய்விட வேண்டும். “எடை குறைக்கிற ஆபரேஷன் இத்தனை நாள் முன்னாடி நடந்தது” என்பதுதான் அங்கே சொல்ல வேண்டிய முதல் வாக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படமெடுத்து வைத்திருந்தால் நள்ளிரவில் தேட வேண்டியிருக்காது.

மாதங்கள் கழித்து வரும் வயிற்று வலியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு உள்ளே குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இன்ஷூரன்ஸ் என்ன சொல்கிறது?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் வகுத்த விதிப்படி, டாக்டரின் பரிந்துரை, 18 வயது பூர்த்தி, பி.எம்.ஐ. 40 அல்லது கடுமையான ஸ்லீப் ஆப்னியா, இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை போன்றவற்றோடு 35 ஆகியவை இருந்தால்தான் எடைக்குறைப்பு ஆபரேஷனை விலக்குப் பட்டியலில் சேர்க்க முடியாது. மருத்துவ வழிகாட்டுதல் 27.5-க்கு இறங்கினாலும் இன்ஷூரன்ஸ் எல்லை அங்கேயே நிற்கிறது. பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும், பேக்கேஜில் பிளாக்குக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்கலாம்?

ஆபரேஷனுக்கு முன்பு சர்ஜனை மட்டுமல்ல, மயக்கவியல் மருத்துவரையும் நேரில் சந்திக்கக் கேளுங்கள். அது உரிமை, சலுகை அல்ல. அந்தச் சந்திப்பில் கேட்க வேண்டியவை:

என் குறட்டைக்குப் பரிசோதனை செய்தீர்களா? வீட்டில் சிபேப் கருவி இருந்தால் கொண்டுவரலாமா?

எந்த பிளாக், யார் போடுவார்? சர்ஜன் போடும் மருந்தோடு சேர்த்து அளவு கணக்கிடப்படுமா?

லிப்பிட் எமல்ஷன் தியேட்டரில் இருக்கிறதா? ஐ.சி.யூ. இதே கட்டடத்தில் உள்ளதா?

முதல் இரவு என் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கண்காணிப்பார்களா?

பிளாக் தீர்ந்த பிறகு என்ன மருந்து? வீட்டுக்குப் போனதும் எந்த மாத்திரை கூடாது? இரவு 2 மணிக்கு எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடம்தான் நல்ல இடம். பிளாக் என்பது நல்ல உதவி. அரை நாளுக்கு வயிற்றுச் சுவரைத் தூங்க வைக்கும். அந்த அரை நாளுக்குப் பிறகு இரும்பையிலோ மரக்காணத்திலோ வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு ஊசி உதவாது. எந்த வலிக்குப் பொறுத்திருக்கலாம், எந்த வலிக்கு வண்டி எடுக்க வேண்டும் என்ற தெளிவுதான் உதவும்.